தண்ணீர் அடங்குகிற நேரம்

செய்தித்தாளை நாலாக மடித்து, கண்ணாடியில் வாயால் ஓர் ஊது ஊதி, மேலிருந்து கீழே இழுக்கிறேன். துணி போட்டால் நூல் ஒட்டும் என்று அலை மெஷின் ஓட்டுகிற ருத்ரமூர்த்தி அண்ணன் சொல்லியிருக்கிறார், அதனால் தாள்தான், தாள் நனைந்து மை கையில் ஏறுகிறது, ஏறட்டும், என் கை கறுத்தால் யார் பார்க்கப்போகிறார்கள். இந்தத் தொட்டி ஒரு தெரு நீளம். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, பதினாலு பலகை, நான் மூணாவதில் நிற்கிறேன். அந்தக் கோடியில் அலை மெஷின் நின்றுவிட்டது. மெஷின் நின்றாலும் தண்ணீர் நிற்காது, போய் முட்டித் திரும்பி வந்து, மறுபடி போய், சின்னதாகிச் சின்னதாகி அடங்கப் பன்னிரண்டு நிமிஷம் ஆகும், அதுவரை யாரும் தண்ணீரில் விரல்கூட வைக்கக் கூடாது, அடுத்த அலை விடக் கூடாது. கண்ணாடி துடைக்க எனக்குக் கொடுத்திருக்கிற நேரம் அந்தப் பன்னிரண்டு நிமிஷம்தான். மேலே, தொட்டிக்குக் குறுக்கே போட்ட இரும்புப் பாலத்தில் பெனிட்டா அக்கா லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காங்க, குளச்சல் பக்கத்துப் பொண்ணு, இங்கே ஆராய்ச்சி படிக்கிறவங்க. அவங்க காலுக்குக் கீழே, ஒன்பதாவது பலகைக்கு நேராக, மஞ்சள் மிதவை தொங்குகிறது, மிதவைக்குக் கீழே ஒரு தண்டு, தண்டின் அடியில் வட்டமாக ஒரு தட்டு. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காவிட்டாலும் தெரிகிறது, முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்கிற மாதிரி. மணி பதினொன்றே முக்கால். பன்னிரண்டுக்கு அக்காவின் புரொபசர், பெரிய சார், வருவார். பன்னிரண்டுக்கு அவர் வந்தால் அக்கா பழைய அளவு எல்லாவற்றையும் அழித்துவிடுவாங்க. அழிக்கப்போகிறது அவங்க, அழிய வைத்தது நான், இது இந்தக் கூடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும், இந்தக் கண்ணாடிக்குக்கூடத் தெரியாது, ஊது, இழு, ஊது, இழு.

உப்புத்தாள். அந்தச் சொல்லை நினைத்தாலே விரல் நுனி சொரசொரக்கிறது. ஆயுத பூசைக்கு முந்தின நாள், எல்லாவற்றையும் கழற்றிக் கழுவித் துடைத்து வைக்கச் சொன்னார்கள், ஸ்பேனர், கிளாம்ப், ஏணி, துருப்பிடித்த பழைய மோட்டார்கூடக் குளித்துச் சந்தனம் வைத்துக்கொண்டது. மிதவையையும் தட்டையும் நான்தான் துடைத்தேன். பெனிட்டா அக்கா அவங்க அண்ணன் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தாங்க. தட்டை மடியில் வைத்துச் சுற்றிலும் துடைக்கும்போது ஆள்காட்டி விரலைக் கீறிவிட்டது, மெல்லிசான வெட்டு, முதலில் வலிக்கவில்லை, துணியில் சிவப்பைப் பார்த்த பிறகுதான் எரிந்தது. விரலை வாயில் வைத்துக்கொண்டு அந்த ஓரத்தைப் பார்த்தேன், பிளேடு மாதிரி, புதிதாக வெட்டிய தகரம் மாதிரி. அப்போதுதான் அக்கா விரல்கள் ஞாபகம் வந்தது, எந்நேரமும் ஏதாவது ஒரு விரலில் பிளாஸ்திரி இருக்கும். அடடா, இதுதானா, தினமும் இதைத்தானே தூக்கி மாட்டுகிறார்கள், படித்தவர்களுக்கு இது தோன்றாதா. எங்கள் வீட்டில் பாப்பா தவழ ஆரம்பித்ததிலிருந்து நான் எதையும் அப்படியே விட்டதில்லை, பவுடர் டப்பா மூடி, கட்டில் கால், அலுமினியக் குண்டானின் விளிம்பு, எல்லாவற்றையும் தேய்த்துத்தான் வைத்திருக்கிறேன், அவர்கூடக் கேலி பண்ணுவார், விட்டா சுவத்துமுனையையும் தேய்ப்பே என்று. ருத்ரமூர்த்தி அண்ணன் அலமாரியில் உப்புத்தாள் இருந்தது. எடுத்தேன். அரை நாள் உட்கார்ந்து தேய்த்தேன். மேல் விளிம்பு, கீழ் விளிம்பு, சுற்றிலும், ஓர் இடம் விடாமல், கடைசியில் கன்னத்தில் வைத்து இழுத்துப் பார்த்தேன், பாப்பா கன்னத்தில் வைத்தாலும் கீறாது. சந்தனம் குங்குமம் வைத்தேன். என்னா பளபளப்பு அம்சா என்று அண்ணன் சொன்னார். தட்டைத்தான் சொன்னார், எனக்குத்தான் முகம் சூடானது. யாராவது நல்லபடியாகச் சொல்லிவிட்டால் எங்கே பார்க்கிறது என்று தெரியாமல் போகிறது எனக்கு.

நாலாவது பலகை. தண்ணீர் இன்னும் கண்ணாடிக்கு உள்ளே ஏறி இறங்குகிறது, ஒரு விரற்கடை, குழந்தை தூங்கப்போகும்போது வயிறு ஏறி இறங்குகிற மாதிரி. பூசை முடிந்து அக்கா வந்தாங்க. குங்குமத்தைப் பார்த்துச் சிரித்து, பஞ்சால் துடைத்து, தட்டை மாட்டி அலை விட்டாங்க. அன்றைக்கே முகம் மாறிவிட்டது. மிதவை முன்னைவிட அதிகமாகக் குதிக்கிறதாம். அதே அலை, அதே எடை, அதே தண்ணீர், ஆனால் முன்னே தண்ணீர் பிடித்து இழுத்த இழுப்பு இப்போது இல்லையாம். அந்த இழுப்புக்கு ஓர் எண் இருக்கிறதாம், அந்த எண்ணைத்தான் கம்ப்யூட்டருக்குள் கொடுக்கணுமாம், கொடுத்தால் அது கடலில் போடுகிற பெரிய மிதவை எப்படி ஆடும், எவ்வளவு கரண்ட் வரும் என்று போட்டுக் காட்டுமாம். அலையில் மேலும் கீழும் ஆடியே கரண்ட் எடுக்கிற மிதவை. முதலில் கேட்டபோது விளையாட்டுக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். பூசைக்கு முன்னால் தொட்டி சொன்னதும் கம்ப்யூட்டர் சொன்னதும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தது, இப்போது தொட்டி வேறே சொல்கிறது. மூணு வாரமாகத் தேடுகிறார்கள். கம்பியை மாற்றினார்கள், ஸ்பிரிங்கை மாற்றினார்கள், தண்ணீரின் சூட்டைப் பார்த்தார்கள், மிதவையை எடை போட்டார்கள், உள்ளே தண்ணீர் புகுந்ததா என்று குலுக்கிப் பார்த்தார்கள். உங்க மெஷின்லதான் கோளாறுண்ணே என்று அக்கா ஒரு நாள் சொல்லிவிட, அண்ணனுக்குக் கோபம் வந்து ரெண்டு நாள் பேசவில்லை, அப்புறம் அவரே சமாதானத்துக்கு வந்து, மெஷின்ல ஒண்ணுமில்ல பெனிட்டா, பூசை போட்டதுல மிதவைக்குச் சாமி வந்துடுச்சு, அதான் இந்தக் குதி குதிக்குது, மலையேத்திப் பாரு என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போது எனக்குத் தெரியாது. தெரியாமல் சிரித்த சிரிப்பு இப்போது நினைத்தால் பல்லில் மணல் கடிபடுகிற மாதிரி இருக்கிறது.

தெரிந்தது நேற்றுத்தான், சாப்பாட்டு நேரத்தில். அப்படியென்ன இழுப்பு அது என்று நான் கேட்டிருக்கவே வேண்டாம். நான் யாரிடமும் எதுவும் கேட்கிறவள் இல்லை, அஞ்சாவதுக்கு மேலே படிக்கவில்லை, கேட்டால் நம் வாயாலேயே அது தெரிந்துவிடும் என்று பயம், பொண்ணு பார்க்க வந்த அன்றைக்கு ஊமையா என்று அவர் அத்தை ஜாடையில் கேட்டார்கள். நேற்று என்னவோ கேட்டுவிட்டேன், அக்கா சாப்பிடாமல் டப்பாவை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அவங்க டப்பா மூடியை எடுத்துக்கொண்டு என் பக்கெட் முன்னால் குந்தி, மூடியைத் தண்ணீருக்குள் படுக்கையாக வைத்து மேலும் கீழும் அழுத்தினாங்க. பாத்தியா, தண்ணிக்கு வழி இல்ல, ஓரத்தைச் சுத்தித்தான் போவணும், ஓரம் கூரா இருந்தா அதுக்குத் திரும்பத் தெரியாது, தடுமாறி அங்கனயே சுழிக்கும், அந்தச் சுழிதான் தட்டைப் பிடிச்சு நிறுத்துது, அதுதான் இழுவை. என் கையைப் பிடித்து மூடியைக் கொடுத்து அழுத்தச் சொன்னாங்க. அழுத்தினேன். கனத்தது. லேப்டாப்பில் அந்தப் படத்தையும் காட்டினாங்க, தட்டின் ரெண்டு பக்கத்திலும் சிவப்பும் நீலமுமாக நத்தை மாதிரி சுருண்டுகொண்டு வந்தது. அழகாக இருந்தது. ஓரம் உருண்டையா இருந்தா என்று நான் கேட்டேன், நானா கேட்டேன், என் வாய்தான் கேட்டது, அவங்க ரொம்பச் சாதாரணமாக, அப்ப வழுக்கிட்டுப் போயிரும், சுழி சின்னதாவும், இழுவை கொறையும், மிதவை குதிக்கும் என்றாங்க. சொல்லிவிட்டு மூடியைக் கழுவப் போய்விட்டாங்க. சொன்ன வார்த்தை அவங்க காதில் விழவில்லை. என் காதில் விழுந்துவிட்டது. பக்கெட் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அது அடங்கியும் எனக்கு அடங்கவில்லை, இந்த நிமிஷம்வரை அடங்கவில்லை.

ஆறாவதா, ஏழா, ஒன்றை விட்டுவிட்டேனா. இல்லை, துடைத்திருக்கிறேன், மை இழுத்த தடம் இருக்கிறது. சொல்லிவிடலாம். ஒரே வாக்கியம். அக்கா, தட்டை நான் தேய்ச்சுட்டேன். அவ்வளவுதான், இதற்கு எட்டாங்கிளாஸ் படிக்க வேண்டாம். சொன்னால் என்ன ஆகும். போன வருஷம் ஒரு பொம்பளை மாப் போட இடைஞ்சலாக இருக்கிறதென்று ஒரு வயரைப் பிடுங்கிவிட்டுத் துடைத்தாள், அன்றைக்கே அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே விட்டார்கள், அவள் புடவையைக்கூட இன்னொருத்திதான் எடுத்துப் போய்க் கொடுத்தாள். அது வயர், திருப்பிச் செருகிவிடலாம். நான் தேய்த்ததைத் திருப்பி எப்படி ஒட்டவைக்கிறது, தூளாகத் தரையில் விழுந்தது, நானே பெருக்கி நானே கொட்டினேன். இந்த வேலை போனால் வேறே எங்கே போவேன், இங்கேதான் யாரும் என்னிடம் பேசச் சொல்வதில்லை, கண்ணாடி, தரை, பக்கெட், என் பாட்டுக்கு இருப்பேன், நாத்தனார் வீடு பின்கேட்டை ஒட்டி இருக்கிறது, ஒரு மணிக்கு ஓடிப்போய்ப் பாப்பாவுக்குப் பால் கொடுத்துவிட்டு ஓடி வரலாம். சொல்லாவிட்டால் என்ன ஆகும். ஒன்றும் ஆகாது, யாருக்கும் தெரியாது, தெரியவே தெரியாது, கண்ணால் பார்த்தால் பழைய தட்டுத்தான். அப்படி நினைத்தவுடன் ஒரு நிமிஷம் நிம்மதி, உடனே அந்த நிம்மதியும் போய்விடுகிறது. பூசைக்கு முன்னால் எடுத்த அளவெல்லாம் தப்பு, உன் கை பழகாத காலத்தில் எடுத்தது, தூக்கிப் போடு என்று பெரிய சார் அக்காவிடம் சொல்லிவிட்டார். இந்த மாதத்தோடு அக்காவுக்குக் கொடுத்த காலம் முடிகிறது. இன்றைக்குப் பன்னிரண்டுக்குப் புது எண்ணைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அதை வைத்து இரும்பில் பெரிய மிதவை செய்ய ஆரம்பித்துவிடுவார்களாம். அந்தப் பெரிய தட்டை யார் உட்கார்ந்து தேய்க்கப்போகிறார்கள். கூரான ஓரத்தோடுதான் கடலில் இறங்கும். கடல் பிடித்து இழுக்கும், சொன்ன கரண்ட் வராது.

கடல் இழுப்பு எனக்குத் தெரியும். மாசி மகத்துக்குச் சாமியைக் கடலுக்குக் கொண்டு வந்த அன்றைக்கு, பாப்பா வயிற்றில் எட்டு மாதம், முழங்கால் தண்ணீரில்தான் நின்றேன், அலை வந்தபோது ஒன்றுமில்லை, திரும்பிப் போகும்போதுதான் ஈரப் புடவை இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்து இழுத்தது, யாரோ கீழே உட்கார்ந்து கொசுவத்தைப் பற்றிக்கொண்ட மாதிரி, காலுக்கடியில் மணல் ஓடியது, கத்த வேண்டும், வாய் வரவில்லை, சுற்றிலும் அத்தனை சனம், மேளம், நான் கத்தாமல் நின்றுகொண்டே சாய்ந்தேன். பக்கத்தில் நின்ற யாரோ ஒரு அம்மா தோளைப் பிடித்து நிறுத்தி, ஏம்மா வாயில என்ன வெச்சிருக்கே, கூப்பிடறதுக்கென்ன என்று திட்டினார்கள். திட்டு இன்றைக்கும் நல்லாக் கேட்கிறது. அந்த அம்மாவின் முகம்தான் ஞாபகம் இல்லை. இப்போதும் காலுக்கடியில் மணல் ஓடுகிறது, சிமெண்டுத் தரையில் நின்றுகொண்டு, செருப்பு இல்லாமல், சில்லென்று. எட்டாவது பலகை. ஊது. இழு. என் மூச்சு கண்ணாடியில் வட்டமாகப் படிந்து, ஓரத்திலிருந்து உள்ளே சுருங்கி மறைகிறது. காலையில் நடையில் அக்கா அவங்க அம்மாவோடு போனில் பேசினது காதில் விழுந்தது, அழவில்லை, அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை, எனக்குத்தான் அளக்கத் தெரியலம்மா, எனக்கு இந்தப் படிப்பு செரிப்படாது போல என்று வேறே யாரையோ பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னாங்க. தெரியலையாவது. பென்சிலால் ஒரு கோடு போட்டாலும் மூணு தரம் பார்க்கிறவங்க. என் பாப்பா பெயரைக் கேட்டு, பிறந்த தேதியைக் கேட்டு அதையும் நோட்டில் குறித்துக்கொண்டவங்க, எதற்கு என்று கேட்டால், சும்மா, மறந்துரப்படாதுல்லா என்றாங்க. அவங்களுக்கா அளக்கத் தெரியாது.

மார்பு கட்டுகிறது. பன்னிரண்டு நெருங்கினால் இப்படித்தான், பாப்பா அங்கே சிணுங்கினாளோ என்னவோ, இங்கே சுரந்து ரவிக்கை நனைகிறது, முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்கிறேன், கை மை புடவையில் படுகிறது. ஒன்பதாவது பலகை. இதைத் துடைக்காமல் தாண்ட முடியாது, இதன் வழியாகத்தான் கேமரா பார்க்கிறது. தட்டு என் கண்ணுக்கு நேராகத் தண்ணீருக்குள் தொங்குகிறது. அசையவே இல்லை. எவ்வளவு சாதுவாக இருக்கிறது, ஒரு தப்பும் செய்யாத முகம் மாதிரி. அதன் விளிம்பில் விளக்கு வெளிச்சம் ஒரு மெல்லிய கோடாக ஓடுகிறது, கூராக இருந்தால் கோடு விழாது, வளைந்த இடத்தில்தான் வெளிச்சம் தங்கும், குண்டான் விளிம்பில் தங்குகிற மாதிரி, இது எனக்குத் தெரிகிறது, இவ்வளவு பெரிய மனுஷர்களுக்கு ஏன் தெரியவில்லை, அவர்கள் குண்டான் தேய்ப்பதில்லை. ஏணியில் சத்தம். அக்கா இறங்கி வராங்க. வேண்டாம், வராதீங்க, இன்னும் ரெண்டு பலகை கழித்து வாங்க, நான் இன்னும் வாக்கியத்தை அடுக்கவில்லை. வந்துட்டாங்க. என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கண்ணாடிக்கு நெற்றியை முட்டுக் கொடுத்து, அந்தத் தட்டைப் பார்க்கிறாங்க. துடைத்த கண்ணாடியில் நெற்றி எண்ணெய் ஒட்டும், ஒட்டட்டும். என்னைப் பார்க்காமலே பேசுறாங்க, கண்ணாடியோடு பேசுகிற மாதிரி.

"எங்க தப்புன்னு தெரிஞ்சாப் போரும் அம்சா. ஏச்சு வாங்குகது கூடச் செரி. தெரியாமலே அழிக்கச் சொல்லுகாங்க பாரு, அதான் முடியல்ல."

பன்னிரண்டு நிமிஷம் ஆனாலும் எனக்குள் இது அடங்காது, அடங்கட்டும் என்று காத்திருந்தால் சார் வந்துவிடுவார், தாள் என் கைக்குள் கூழாகிவிட்டது.

"அந்தத் தட்டு ஓரத்த நான் தேய்ச்சுட்டேன்க்கா."

என் குரலா அது, கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. அக்கா திரும்பி, எதைத் தேய்ச்சே என்று கேட்கிறாங்க, அய்யோ, ரெண்டாம் தடவை சொல்ல வேண்டுமா, முதல் தடவையே உயிர் போய்விட்டது. உப்புத்தாள் போட்டு, என்கிறேன். சுத்திலும். மேலயும் கீழயும். எப்போ என்று கேட்கிறாங்க. பூசைக்கு முந்தின நாளு, நீங்க ஊர்ல இருந்தீங்க. அக்கா கண்ணாடிப் பக்கம் திரும்புறாங்க. தட்டைப் பார்க்கிறாங்க. அந்த வெளிச்சக் கோட்டைப் பார்க்கிறாங்க, இப்போது அவங்களுக்கும் தெரிகிறது, தெரிவது எனக்குத் தெரிகிறது, அவங்க முகத்தில் ஒன்றொன்றாக நகர்கிறது, உதடு மட்டும் அசைகிறது, எண்ணுறாங்க. அடிப்பாங்களா. அடித்தால் நல்லது. சூப்பர்வைசரைக் கூப்பிடுவாங்களா. நான் அடையாள அட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருக்கிறேன், எப்போது பிடித்தேன்.

"அறுபத்தி நாலாவது அலை வரைக்கும் பழைய ஓரம்," என்கிறாங்க, மெதுவாக, ரொம்ப மெதுவாக. "அறுபத்தஞ்சுலேர்ந்து உன் ஓரம்."

அப்புறம் என் மணிக்கட்டைப் பிடிக்கிறாங்க. இறுக்கமாக. சிரிக்கிறாங்களா அழறாங்களா, கண் ரெண்டும் நிறைந்துகொண்டு வருகிறது, வாய் கோணிக்கொள்கிறது, ரெண்டு அளவும் செரிதான், ரெண்டுமே செரிதான் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறாங்க, எனக்கு அது புரியவில்லை, ஒன்று சரியென்றால் இன்னொன்று தப்பாகத்தானே இருக்கும், அழிப்பாங்களா மாட்டாங்களா, அதைக் கேட்க வேண்டும், எனக்கு வேலை இருக்கிறதா இல்லையா, அதை எப்படிக் கேட்கிறது, அதற்குள் அவங்களே கேட்டுட்டாங்க, எதுக்குடி தேய்ச்சே என்று, கோபமாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி, நோட்டில் குறித்துக்கொள்ளக் கேட்கிற மாதிரி. இதற்குத்தான் என்னிடம் பதில் இருக்கிறது, இதற்கு மட்டும்தான், வாயைத் திறக்கிறேன், வாசல் பக்கமிருந்து ருத்ரமூர்த்தி அண்ணன் குரல், அம்சா, சார் வந்துட்டாரு, நாற்காலி எடுத்தா, சீக்கிரம் என்று, வரேண்ணே என்கிறேன், எழுந்திருக்கப் பார்க்கிறேன், அக்கா மணிக்கட்டை விடவில்லை, என் கை ஈரமா அவங்க கை ஈரமா தெரியவில்லை, மை அவங்க விரலிலும் ஏறிவிட்டது, சாரின் செருப்புச் சத்தம் தரையில் வருகிறது, எதுக்குன்னா அக்கா, அது கையைக் கீறும், தினம் நீங்கதானே அதைத் தூக்குறீங்க, நான் நெனச்சேன், பாப்பாவுக்குச் செய்யற மாதிரி உங்களுக்கும் கீறாம இருக்கட்டும்னுதான்.